பர்மாவிலிருந்து வந்த பெரியவர்களின் கதையைப் பதிவு செய்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் பல ஊர்களில் பர்மா காலனி என்றொரு பகுதி உண்டு. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளிடம் கேட்டால் "தாத்தா பர்மால இருந்து வந்தாராம்" என்பதோடு கதை முடிந்துவிடும். எங்கள் காலனியில் சிலர் சேர்ந்து பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்து வருகிறோம். மற்ற ஊர்க்காரர்களும் உறவினர்களும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம்.

பர்மாவுக்கு ஏன் போனார்கள், ஏன் திரும்பினார்கள்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

பெரியவர்களிடம் போகும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. அடிப்படை தெரியாதவரிடம் அவர்கள் அடிப்படையை மட்டும்தான் சொல்வார்கள்.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐராவதி டெல்டாவில் நெல் சாகுபடி பெருகியது. காடு திருத்தப் பணம் தேவைப்பட்டது. அறுக்க, ஆலையில் அரைக்க, மூட்டை தூக்க ஆள் தேவைப்பட்டது. பணம் செட்டிநாட்டிலிருந்து போனது. ஆட்கள் தஞ்சை, ராமநாதபுரம், தென்னாற்காடு என்று பல பக்கங்களிலிருந்தும் ஆந்திரக் கரையிலிருந்தும் போனார்கள், பெரும்பாலும் கூலிக்கு ஆள் சேர்க்கும் ஒரு மேஸ்திரியின் கடனுக்குக் கட்டுப்பட்டு. 1931 கணக்கெடுப்பின்போது ரங்கூன் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர்கள். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் பர்மிய விவசாயிகளால் கடனைக் கட்ட முடியவில்லை. அந்தப் பத்தாண்டின் முடிவில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால் பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. அங்கே நம்மவர்கள் மேல் கோபம் எப்படி வந்தது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். நம் வீட்டுக் கதைகளில் இந்தப் பகுதி பெரும்பாலும் வராது.

திரும்பி வந்தது இரண்டு அலையாக. 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான் ரங்கூனில் குண்டு போட்டது, கிறிஸ்துமஸ் அன்று மறுபடியும் போட்டது. 1942 மார்ச் 8 அன்று நகரம் வீழ்ந்தது. கப்பலில் இடம் கிடைக்காத லட்சக்கணக்கானவர்கள் நடந்தார்கள். சிலர் டாங்கப் கணவாய் வழியாக அரக்கான் போய்ச் சிட்டகாங் பக்கம் வந்தார்கள். சிலர் தமு வழியாக மணிப்பூருக்குள் நுழைந்து, இம்பால் கடந்து திமாப்பூரில் ரயில் ஏறினார்கள். வடகோடியில் ஹூக்காங் பள்ளத்தாக்கு வழியே அசாமின் லெடோவுக்கு வந்தவர்களும் உண்டு. காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் வழியில் இறந்தவர்கள் பல்லாயிரம் பேர்.

போர் முடிந்ததும் பலர் மறுபடி பர்மாவுக்கே போனார்கள். பிழைப்பு அங்கேதானே இருந்தது. 1962 மார்ச் 2 அன்று ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1963-இல் வங்கிகளும், 1964 மார்ச்சில் கடைகளும் அரசுடைமையாயின. அதே ஆண்டு மே 17 அன்று 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். கடை போனது, கையில் இருந்த காசும் போனது. அதன் பின் வந்த ஆண்டுகளில் கப்பல் கப்பலாக வந்தவர்களில் தமிழ்நாட்டுக்கு வந்தோர் மட்டும் லட்சத்துக்கு மேல். சென்னை பாரிமுனைக்குப் பக்கத்தில் உள்ள பர்மா பஜார் இவர்கள் போட்ட கடைகள்தான்.

இதை இப்போதே செய்ய வேண்டிய அவசரம் என்ன?

1942-இல் எட்டு வயதில் மலை ஏறி நடந்த பிள்ளை இன்று இருந்தால் தொண்ணூறைத் தாண்டியிருக்கும். 1964-இல் பத்து வயதில் கப்பலில் வந்தவர் எழுபதைத் தாண்டியவர். கடையைப் பூட்டி அரசாங்கத்திடம் சாவியைக் கொடுத்த அந்த அப்பா இப்போது இல்லை, பக்கத்தில் நின்று பார்த்த பிள்ளைதான் இருக்கிறார். முதல் அலையைப் பற்றி நேரில் சொல்ல மிகச் சிலரே மிச்சம். வேறென்ன காரணம் வேண்டும்?

வருடத்துக்கு ஒரு நாள் விழா வைத்துப் பொன்னாடை போர்த்துகிறோமே, அது போதாதா?

தாராளமாக வையுங்கள். அக்டோபர் 1 உலக முதியோர் நாள், அன்று எல்லா ஊரிலும் ஒரு மேடை போடுகிறார்கள். ஆனால் அந்த மேடையில் நடப்பதைக் கவனியுங்கள். பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், மற்றவர்கள் அவரைப் பற்றிப் பேசுவார்கள். அவர் கையில் மைக் வந்தால் இரண்டு நிமிடம் நன்றி சொல்லுவார், அதற்குள் சாப்பாடு ஆறுகிறது என்று யாராவது சைகை காட்டுவார்கள்.

எங்களைக் கேட்டால் அவரைப் பேசவிட்டுக் கேட்பதுதான் மரியாதை. சொன்ன கதையை எங்கே வைப்பது, யாருக்குக் காட்டுவது என்று அவரே முடிவு செய்யவிடுவதும் அதில் அடக்கம். கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒரு எண்ணத்திலிருந்து வருவதுதான்.

யாரிடம் முதலில் போவது?

வயதில் மூத்தவரிடம், உடம்பு சரியில்லாதவரிடம். "நல்லா பேசுவார்" என்று எல்லோரும் கை காட்டும் ஒருவர் எல்லாக் காலனியிலும் இருப்பார். அவர் பல முறை சொல்லிச் சொல்லி மெருகேறிய கதை வைத்திருப்பார். அவரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அப்புறம், பர்மாவில் கடை வைத்திருந்தவர் வீட்டுக்கு மட்டும் போகாதீர்கள். அந்தக் கடையில் எடுபிடியாக இருந்தவர், நெல் ஆலையில் மூட்டை சுமந்தவர், வீட்டு வேலை பார்த்த அம்மா, அதே கப்பலில் வந்த முஸ்லிம் குடும்பம் என்று எல்லாரும் தேவை. ஒரே கப்பலை இவர்கள் ஒவ்வொருவரும் வேறு வேறு மாதிரி சொல்வார்கள்.

"என்கிட்ட என்னப்பா கதை இருக்கு" என்று ஒதுங்குகிறார்களே?

எல்லோரும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். "உங்கள் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் யாருக்குமே வாய் வராது. சாப்பாட்டில் தொடங்குங்கள், அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸிலிருந்தே தொடங்கலாம். "பாட்டி, அத்தோவுக்கு அங்கே என்ன எண்ணெய் ஊற்றுவீர்கள்? இங்கே விற்கிறதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டுப் பாருங்கள். பூண்டு வறுத்த எண்ணெயில் ஆரம்பித்து, மீன் குழம்பு நூடுல்ஸான மொகிங்காவுக்கு வாழைத்தண்டு எப்போது போடுவது, எந்தச் சந்தையில் மீன் வாங்கினார்கள், சந்தைக்குப் போகிற தெரு எது, அந்தத் தெருவில் யார் யார் வீடு என்று போய்க்கொண்டே இருக்கும். தனாக்காக் கட்டையைக் கல்லில் உரசிக் கன்னத்தில் பூசிய கதை வந்தால் கூடவே பள்ளிக்கூடமும் தோழிகளும் வருவார்கள். பர்மாத் தமிழர்கள் கும்பிட்ட பீலிக்கான் முனீஸ்வரர் பெயரை எடுத்தால் சில வீடுகளில் திருவிழாவே கண்முன் வந்துவிடும்.

முதல் சந்திப்பில் பதிவே செய்யாமல் காபி குடித்துவிட்டு வந்தாலும் தப்பில்லை.

என்னென்ன கேள்விகள் கேட்கலாம்?

நீளமான பட்டியல் வேண்டாம். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் அவர்களும் ரேஷன் கடையில் பதில் சொல்வதுபோல ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நான்கைந்து பெரிய இடங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பிறந்த வீடும் தெருவும், பள்ளியும் வேலையும், புறப்பட்ட நாள், பயணம், இங்கே வந்திறங்கிய முதல் ஆண்டு.

இதில் கடைசி இரண்டும்தான் பொக்கிஷம். கப்பலில் எங்கே படுத்தார்கள், என்ன சாப்பாடு போட்டார்கள், யாருக்கு வாந்தி வந்தது, யாராவது இறந்தார்களா, குழந்தை பிறந்ததா? இறங்கும்போது என்ன உடை, கையில் என்ன பெட்டி? நகையை எங்கே மறைத்தார்கள், சோதனையில் எதை எடுத்துக்கொண்டார்கள்? சொந்த ஊர் என்று சொல்லப்பட்ட கிராமத்துக்குப் போனபோது அங்கே இருந்த சித்தப்பா பெரியப்பாக்கள் எப்படி வரவேற்றார்கள்? கடைசிக் கேள்வியைக் கேட்டால் சிலர் சிரிப்பார்கள், சிலர் பேச்சை மாற்றுவார்கள். பர்மாவிலேயே பிறந்து தமிழ்நாட்டைப் பார்த்தே இராதவர்களுக்கு "தாயகம் திரும்பியோர்" என்று சான்றிதழ் கிடைத்தது. அந்த முதல் ஆண்டில் அவர்களுக்கு எது தாயகமாக இருந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

சிலர் திரும்பிப் போகவே முயன்றார்கள். மணிப்பூர் வரை போய், தமுவில் எல்லை தாண்ட விடாததால் இந்தியப் பக்க எல்லை ஊரான மோரேயிலேயே தங்கிவிட்டவர்கள் உண்டு. அங்கே இன்றும் தமிழர்கள் இருக்கிறார்கள், அங்காளபரமேஸ்வரி கோயில் இருக்கிறது. உங்கள் குடும்பத்தில் யாராவது மோரே போனார்களா என்றும் கேளுங்கள்.

"எப்படி இருந்தது?" என்று மொத்தமாகக் கேட்பதைவிட, "அன்றைக்குக் காலையில் எழுந்ததும் என்ன நடந்தது?" என்று கேட்பது நல்லது. அவர் சொல்லி முடித்ததும் உடனே அடுத்த கேள்விக்குப் பாயாதீர்கள். கொஞ்சம் பொறுத்தால் அவரே "அப்புறம் இன்னொண்ணு..." என்று தொடங்குவார். பல சமயம் முக்கியமான விஷயமே அந்த "இன்னொண்ணு"தான்.

தாத்தா சொல்லும் ஆண்டுகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. பொய் சொல்கிறாரா?

இல்லை. யாருமே தன் வாழ்க்கையை ஆண்டு எண்ணில் நினைவு வைத்துக்கொள்வதில்லை. நடந்த சம்பவத்தோடு முடிச்சுப் போட்டுத்தான் வைத்துக்கொள்கிறோம். நீங்களும் அந்த முடிச்சைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள்.

ரங்கூனில் முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர். நேதாஜி தலைமையகத்தை ரங்கூனுக்குக் கொண்டுவந்தது 1944 ஜனவரி. பர்மிய விடுதலைத் தலைவர் அவுங் சான் சுட்டுக் கொல்லப்பட்டது 1947 ஜூலை 19, பர்மா விடுதலை 1948 ஜனவரி 4. கடை எடுக்கப்பட்டதும் நோட்டு செல்லாமல் போனதும் 1964. நோட்டு போன பத்தே நாளில், மே 27 அன்று நேரு இறந்தார். அதனால் 1964-இல் வந்தவர்களிடம் கேட்க ஓர் அருமையான கேள்வி இருக்கிறது: "நேரு இறந்த சேதியை எங்கே வைத்துக் கேட்டீர்கள்? ரங்கூனிலா, கப்பலிலா, மெட்ராஸிலா?" அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு 1965 தொடக்கத்தில் நடந்த இந்தி எதிர்ப்புப் போராட்டம், 1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆர். சுடப்பட்டது, 1969 பிப்ரவரியில் அண்ணா மறைவு என்று கேட்டுப் போகலாம். "எம்.ஜி.ஆரைச் சுட்டப்ப நாங்க வந்து ஒரு தீபாவளி கழிஞ்சிருந்தது" என்று ஒருவர் சொன்னால் 1965-ஆம் ஆண்டு தீபாவளிக்கும் 1966-ஆம் ஆண்டு தீபாவளிக்கும் இடையில் வந்திருக்கிறார் என்று கணக்குப் போட்டுவிடலாம்.

தமிழ் வருஷப் பெயர் சொன்னால் கவனம் தேவை. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் வரும். தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டியின் பாட்டி சொன்னது 1876-இல் தொடங்கிய பெரும் பஞ்சம். 1936-இலும் தாது வருஷம் வந்தது.

1944-இல் பிறந்தவர் ஜப்பான் குண்டுவீச்சைக் கண்ணால் கண்டதுபோல் சொல்வதும் நடக்கும். அம்மா சொல்லிச் சொல்லி அது அவருடைய நினைவாகவே ஆகிவிட்டது. திருத்தவேண்டாம். "இதை உங்களுக்கு யார் சொன்னார்கள்?" என்று மெதுவாகக் கேட்டு, குறிப்பில் எழுதிக்கொண்டால் போதும். நமக்கு அப்போது இரண்டு தலைமுறைக் கதை கிடைக்கிறது.

பாட்டியிடம் கேட்டால் தாத்தாவே பதில் சொல்கிறார். என்ன செய்வது?

தாத்தாவைக் கடைக்கு அனுப்புங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. எங்கள் அனுபவத்தில் பெண்களின் நல்ல பதிவுகள் எல்லாம் வீட்டு ஆண்கள் இல்லாத நேரத்தில், பெரும்பாலும் அடுக்களையில் கிடைத்தவை. அதிலும் கேட்பவர் பேத்தியோ மருமகளோ என்றால் இன்னும் நல்லது. கணவர் போட்ட கணக்கு, விட்ட கடை எல்லாம் தாத்தாவின் கதை. இரண்டு பிள்ளையை இடுப்பிலும் ஒன்றை வயிற்றிலும் வைத்துக்கொண்டு முகாமில் தண்ணீர்க் குழாயில் வரிசை நின்றது பாட்டியின் கதை. இரண்டு பேரையும் தனித்தனியாகப் பதிவு செய்துவிட்டு, கடைசியில் ஒருமுறை சேர்த்து உட்கார வையுங்கள். அப்போது நடக்கும் சண்டை சுவாரசியமாக இருக்கும், அதையும் பதிவு செய்யுங்கள்.

பேசும்போது அழுதுவிட்டால்?

அழட்டும். ஓடிப்போய்ப் பேச்சை மாற்றினால் "இதைக் கேட்க இவர்களுக்குப் பொறுக்கவில்லை" என்று நினைத்து மூடிக்கொள்வார்கள். தண்ணீர் கொடுங்கள், "நிறுத்தட்டுமா தாத்தா?" என்று கேளுங்கள், அவர் சொல்வதைச் செய்யுங்கள். 1942-இல் வழியில் விட்டுவிட்டு வந்த தம்பியைப் பற்றியோ தங்கையைப் பற்றியோ எண்பது ஆண்டு கழித்து முதல்முறையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். துன்பத்தைத் தோண்டி எடுப்பது நம் வேலை இல்லை. அவராக அந்த இடத்துக்கு வந்தால் கூட இருப்பதுதான் வேலை. பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டு கிளம்பாதீர்கள். கொஞ்ச நேரம் வேறு பேசிவிட்டு, மறுநாள் ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

எந்தக் கருவி வாங்க வேண்டும்?

ஒன்றும் வாங்க வேண்டாம், கைபேசி போதும். ஃப்ளைட் மோடில் போடுங்கள், இல்லாவிட்டால் நல்ல இடத்தில் அழைப்பு வரும். ஃபேன் சத்தம் நம் காதுக்குத் தெரியாது, பதிவில் மழைபோலக் கேட்கும். முடிந்தால் நிறுத்துங்கள், வெயிலில் முடியாது என்றால் வேகத்தைக் குறையுங்கள். குக்கர், டிவி, கோயில் ஒலிபெருக்கி மூன்றும் பெரிய எதிரிகள். கைபேசியை அவர் வாயிலிருந்து ஒரு முழ தூரத்தில், மடித்த துண்டின் மேல் வையுங்கள். சட்டையில் குத்தும் சின்ன மைக் கிடைத்தால் நல்லது, கட்டாயம் இல்லை.

வேவ் (WAV) என்ற சுருக்காத ஒலிக் கோப்பாகப் பதிவு செய்ய முடிந்தால் செய்யுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 300 முதல் 500 எம்பி ஆகும். முதல் நிமிடத்தைப் பதிவு செய்து, போட்டுக் கேட்டுவிட்டுத் தொடருங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் போகாதீர்கள். மாத்திரை நேரம், மதியத் தூக்கம் இரண்டையும் தெரிந்துகொண்டு போங்கள். எந்தக் காது நன்றாகக் கேட்கும் என்று கேட்டு அந்தப் பக்கம் உட்காருங்கள்.

வீடியோ எடுக்கலாமா?

கேமராவைப் பார்த்ததும் பலர் புதுச்சேலை கட்டிக்கொண்டு, மேடைத் தமிழில் பேசத் தொடங்கிவிடுவார்கள். ஆகவே முதல் சந்திப்புகள் ஒலியாக இருக்கட்டும். பழகிய பிறகு, கையால் செய்து காட்டும் விஷயங்களுக்கு வீடியோ எடுங்கள்: தனாக்கா அரைப்பது, கைலி கட்டுவது, பேஜோ என்ற பருப்புப் பலகாரம் சுடுவது.

பழைய படங்கள், காகிதங்களை என்ன செய்வது?

வீட்டை விட்டு வெளியே எடுத்துப் போகாதீர்கள். "ஸ்கேன் செய்துவிட்டுத் தருகிறேன்" என்று வாங்கிப் போய்த் திரும்பி வராத ஆல்பம் ஊருக்கு ஊர் உண்டு. ஜன்னல் ஓரத்தில், பகல் வெளிச்சத்தில், கைபேசியிலேயே படம் எடுங்கள். முன்பக்கம் எடுத்ததும் பின்பக்கத்தையும் எடுங்கள், ஸ்டூடியோ முத்திரை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பெரியவர் ஒவ்வொரு முகமாகத் தொட்டு யார் என்று சொல்வதைப் பதிவு செய்யுங்கள். படத்தின் பின்னால் எழுதுவதென்றால் பென்சிலால் மட்டும்.

கப்பல் சீட்டு, முகாம் அட்டை, பர்மாவில் வெளிநாட்டவருக்குத் தந்த பதிவுச் சான்று, பள்ளிச் சான்றிதழ் எது கிடைத்தாலும் விடாதீர்கள். பள்ளிச் சான்றிதழில் அறியாத பெயர் இருந்தால் வேறு யாருடையதோ என்று ஒதுக்கிவிடாதீர்கள். நம் பிள்ளைகள் பலருக்கு அங்கே பர்மியப் பெயரும் இருந்தது. மாங் என்று தொடங்கினால் பையன், மா என்றால் பெண். ஊ, டௌ என்பவை மூத்தவர்களுக்கான மரியாதை.

பெட்டியடியில் போர்க்காலத்தில் ஜப்பான்காரன் அச்சடித்த நோட்டு கிடைக்கலாம். போர் முடிந்ததும் வெறும் காகிதமான பணம் அது. எண்ணுக்குப் பதில் எழுத்துகள் இருக்கும், முதல் எழுத்து ஆங்கில 'பி' என்றால் பர்மாவுக்கு அடித்தது, 'எம்' என்றால் மலாயாவுக்கு. தாத்தா போர்க்காலத்தில் எங்கே இருந்தார் என்று குடும்பத்தில் வாக்குவாதம் இருந்தால் இது உதவும், முழுச் சாட்சி ஆகாவிட்டாலும்.

பேரப்பிள்ளைகளை எப்படி உட்கார வைப்பது? அவர்களுக்கு ரீல்ஸ் பார்க்கவே நேரம் போதவில்லை.

பிள்ளைகளைக் குறை சொல்லிக்கொண்டே அழைத்தால் வரமாட்டார்கள். அவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள். பதிவு செய்வது, படம் எடுப்பது, வரைபடத்தில் தெருவைத் தேடுவது எல்லாம் நம்மைவிட அவர்களுக்கு நன்றாக வரும். ரங்கூன் மொகல் தெருவைச் செயற்கைக்கோள் படத்தில் பேரன் கண்டுபிடித்துக் காட்டினால், "இந்த முனையில் டீக்கடை, அதுக்கு எதிரே..." என்று தாத்தா விரலை வைத்துவிடுவார். தெருப் பெயர்கள் இப்போது மாறிவிட்டன, அதனால் பழைய பெயரோடு தேட வேண்டியிருக்கும். அந்தத் தேடலே பிள்ளைக்குப் பிடித்துவிடும்.

கேள்விகளும் அவர்களே கேட்கட்டும். "அந்தக் காலப் பொருளாதார நிலை" என்று பெரியவர்கள் கேட்கும் இடத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளை, "கப்பல்ல பாத்ரூம் எங்க இருந்துச்சு?" என்று கேட்கும். நமக்கு அதுதான் தெரிய வேண்டும். தாத்தாவுக்கும் சொல்லச் சந்தோஷமாக இருக்கும்.

மறதி நோய் வந்தவர்களிடம் கேட்கலாமா?

தேர்வு வைக்கிற மாதிரிக் கேட்கக் கூடாது. "நான் யார் சொல்லுங்க பார்ப்போம்" என்பதே வேண்டாம். பாட்டு, வாசனை, பழைய படம், இவற்றோடு சும்மா உட்காருங்கள். நேற்றுச் சாப்பிட்டது மறந்தவர் பள்ளியில் படித்த பர்மியப் பாட்டை முழுதாகப் பாடுவார். வீட்டாரின் சம்மதம் கட்டாயம்.

கடன், சாதி, பர்மியப் பெண்ணோடு இருந்த இன்னொரு குடும்பம்... இதெல்லாம் வெளியே வரலாமா?

நிச்சயம் வரும். வட்டிக்குக் கொடுத்தவர் பக்கம் ஒரு நியாயமும் நிலத்தை இழந்த பர்மியர் பக்கம் ஒரு நியாயமும் இருந்தது. மேஸ்திரியின் கணக்கில் தீராத கடனோடு செத்தவர்கள் உண்டு. கப்பலிலும் முகாமிலும் சாதி பார்த்துத் தள்ளி உட்கார்ந்தவர்கள் உண்டு. அங்கே மனைவி மக்களை விட்டுவிட்டு வந்த ஆண்களும் உண்டு. இவற்றை வெட்டிவிட்டு, 'உழைத்தார்கள், இழந்தார்கள், எழுந்தார்கள்' என்று வழவழப்பாக ஆக்கினால் பெரியவர்கள் பட்ட பாட்டைத்தான் வெட்டுகிறோம்.

பதிவு செய்வது வேறு, வெளியிடுவது வேறு. சொல்ல விரும்பினால் பதிவு செய்யுங்கள். உயிரோடு இருக்கும் இன்னொருவருக்குப் பாதிப்பு வரும் என்றால் அந்தப் பகுதியைப் பூட்டி வையுங்கள், இருபது ஆண்டுக்குத் திறக்கக் கூடாது என்று அவரே சொல்லட்டும்.

அனுமதி எழுதி வாங்க வேண்டுமா? யூடியூபில் போடலாமா?

பத்திரம் நீட்டினால் பயப்படுவார்கள். நிலம் போன அனுபவம் உள்ளவர்கள் கையெழுத்து என்றால் ஒருமுறை யோசிப்பார்கள், நியாயம்தான். பதிவின் தொடக்கத்தில் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள்: பெயர், தேதி, பதிவு செய்யச் சம்மதம், யாரெல்லாம் கேட்கலாம். முடித்ததும் போட்டுக் காட்டி, எதை எடுக்க வேண்டும் என்று கேளுங்கள். ஒரு வாரம் கழித்து மனம் மாறினாலும் அதை மதிக்க வேண்டும்.

யூடியூப் விஷயத்தில் நாங்கள் கறார். பொதுவெளியில் போடுவதற்குத் தனியாக, இரண்டாவது முறை சம்மதம் கேட்கிறோம். அங்கே வரும் கருத்துகளைப் பெரியவருக்கு யாராவது படித்துக் காட்டுவார்கள் என்பதை மறக்காதீர்கள். பேச்சில் ஒரு நிமிடத்தை மட்டும் வெட்டி, சோக இசை போட்டுப் பரப்புவதை அறவே செய்யாதீர்கள்.

பேச்சை எழுத்தில் கொண்டுவரும்போது நல்ல தமிழில் மாற்றலாமா?

மாற்ற வேண்டாம். "போயிட்டாக" என்றால் "போயிட்டாக"தான். பர்மியச் சொல் வந்தால் காதில் விழுந்தபடி எழுதி, பொருளை அவரிடமே கேட்டுப் பக்கத்தில் குறியுங்கள். கைபேசியின் தானியங்கி எழுத்து வசதி வட்டார வழக்கில் தடுமாறும், அதை நம்பி விட்டுவிட முடியாது. ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஒரு நாள் போய்விடும். அவ்வளவு நேரம் இல்லையென்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரி வீதம் என்ன பேசினார் என்று குறித்து வைத்தாலே பின்னால் தேட முடியும்.

கோப்புகளை எங்கே வைப்பது?

மூன்று இடத்தில்: வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க், இணையச் சேமிப்பு ஒன்று, வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் ஒன்று. வாட்ஸ்அப்பில் அனுப்பி வைப்பது சேமிப்பு ஆகாது. கோப்பின் பெயரிலேயே தேதி, பேசியவர், ஊர் இருக்கட்டும். ஒரு பிரதி கண்டிப்பாகப் பேசியவர் குடும்பத்துக்கு.

பொது இடத்தில் வைக்கும் விருப்பம் இருந்தால், ஈழத்து ஆவணங்களைத் திரட்டும் நூலகம் அமைப்பு எப்படிச் செய்கிறது என்று பாருங்கள். 2005-இல் தொடங்கியது. நூல்கள், இதழ்களோடு வாய்மொழி வரலாறுகளையும் சேர்க்கிறார்கள். 1981-இல் யாழ் நூலகம் எரிந்ததைப் பார்த்த சமூகம் அது, பிரதி எடுத்து வைப்பதன் அருமையை அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தியப் பிரிவினை நினைவுகளைச் சேகரிக்க 2011-இல் தொடங்கிய 1947 பார்ட்டிஷன் ஆர்கைவ், தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆயிரக்கணக்கான பேட்டிகளைச் சேர்த்திருக்கிறது. பர்மாத் தமிழர்களுக்கும் அந்த அளவில் யாராவது செய்ய வேண்டும் என்பது எங்கள் ஆசை.

நாங்கள் பர்மா இல்லை, இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்கள். இது எங்களுக்கும் பொருந்துமா?

முறை அதேதான், முடிச்சுகள் வேறு. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-இல் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இவர்களிடம் தெருவைக் கேட்காதீர்கள், தோட்டத்தையும் லயத்தையும் கேளுங்கள். எந்தக் கங்காணி, பிரட்டுக் களத்தில் (காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்தில்) எத்தனை மணிக்கு நிற்க வேண்டும், யார் எந்த நாட்டுக்கு மனுப் போட்டார்கள், அண்ணன் அங்கே தங்கை இங்கே என்று ஆனது எப்படி? தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கோ வேறெங்கோ போன வழியை ஊர் ஊராகக் கேட்டு வாங்குங்கள்.

பேசியதற்குப் பணம் கொடுக்கலாமா?

நாங்கள் கொடுப்பதில்லை. பழம், பிஸ்கட் வாங்கிப் போவோம். ஆனால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு உட்காருபவர் என்றால் அதை ஈடு செய்வதுதான் முறை.

எங்கள் தாத்தா ஏற்கெனவே காலமாகிவிட்டார். இனி என்ன செய்ய முடியும்?

நிறைய. அவரோடு கப்பலில் வந்தவர், பக்கத்துக் கடைக்காரர், அவருடைய தங்கை, மூத்த மருமகள் இவர்களில் யாராவது இருப்பார்கள். "தாத்தா உங்களிடம் என்ன சொல்லியிருக்கிறார்?" என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். யாங்கோனிலோ (ரங்கூனின் இன்றைய பெயர்) மோல்மீனிலோ உறவு இன்னும் இருந்தால் வீடியோ அழைப்பில் பேசலாம். அங்கே தமிழ் தடுமாறுகிற தலைமுறையாக இருக்கும், அதனால் இங்கே பர்மிய மொழி தெரிந்த ஒரு பெரியவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அப்படிச் செய்தால் ஒரே அழைப்பில் இரண்டு பேரின் பேச்சு பதிவாகும், இரண்டு பேரிடமும் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.